கேட்காமலே வரும் பதில்

தரவுத்தளத்திடம் ஒரு கேள்வி கேட்கிறோம். ‘இந்த வணிகர் போட்ட பங்கு ஆர்டர்களில் இன்னும் முடியாதவை எவை?’ பட்டியல் வருகிறது. வந்த கணத்திலேயே அது பழசாகத் தொடங்கிவிடுகிறது. அடுத்த நொடியில் ஓர் ஆர்டர் நிறைவேறினால் திரையில் இருக்கும் பட்டியலுக்கு அது தெரியாது. மறுபடி கேட்டால்தான் தெரியும். எத்தனை நொடிக்கு ஒருமுறை கேட்பது? நொடிக்கு ஒருமுறை கேட்டால் சர்வர் திணறும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் வணிகர் திணறுவார்.

கேள்வியை ஒரே ஒருமுறை கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போனால் என்ன? கேள்வி சர்வரிலேயே குடியிருக்கட்டும். தரவு மாறும்போதெல்லாம் பதிலில் என்ன மாறியது என்று அதுவே சொல்லியனுப்பட்டும். இதற்குப் பெயர் தொடர் வினவல். இந்தப் பெயரில் இதை முறையாக ஆராய்ந்த கட்டுரை 1992 இல் வந்தது. எழுதியவர்கள் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தைச் சேர்ந்த டக்ளஸ் டெர்ரி, டேவிட் கோல்ட்பர்க், டேவிட் நிக்கோல்ஸ், பிரையன் ஓகி ஆகிய நால்வர். அவர்களுடைய தொல்லை பங்குச் சந்தை அல்ல, மின்னஞ்சல். அந்த நாளிலேயே அஞ்சல்களும் செய்திக்குழு மடல்களும் படிக்க முடியாத அளவுக்குக் குவிந்தன. அவற்றில் தனக்கு வேண்டியதை மட்டும் ஒவ்வொருவரும் பிரித்தெடுக்க ‘டேபெஸ்ட்ரி’ என்ற அமைப்பைக் கட்டினார்கள். (இன்று ‘இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்’ என்று கடைத்தளங்கள் பரிந்துரைக்கின்றனவே, அந்தக் கூட்டு வடிகட்டல் முறைக்கும் பெயர் கிடைத்தது இதே டேபெஸ்ட்ரியில்தான்.)

கட்டும்போது அவர்களுக்கு ஒரு விசித்திரம் தட்டுப்பட்டது. ஒரே கேள்வியை ஒருவர் மணிக்கு ஒருமுறையும் மற்றவர் நாளுக்கு ஒருமுறையும் ஓட்டினால் இருவருக்கும் வெவ்வேறு பதில் வருகிறது. ‘யாரும் பதில் எழுதாத அஞ்சல்களைக் காட்டு’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அஞ்சல் காலை ஒன்பதுக்கு வந்து, பத்தரைக்கு அதற்குப் பதில் வந்தால், பத்து மணிக்குக் கேட்டவருக்கு அது தெரியும், மாலையில் கேட்டவருக்குத் தெரியாது. பதில் தரவைப் பொறுத்து இருக்க வேண்டுமே தவிர, கேட்ட நேரத்தின் தற்செயலைப் பொறுத்து இருக்கக் கூடாது. எனவே அவர்கள் ஒரு வரையறை வைத்தார்கள்: ஒவ்வொரு கணத்திலும் அந்தக் கேள்வியை ஓட்டியிருந்தால் என்னென்ன கிடைத்திருக்குமோ, அவை அனைத்தும் சேர்ந்ததே தொடர் வினவலின் பதில்.

வரையறை அழகானது. ஆனால் மேலே சொன்ன கேள்வியில் அதைப் போட்டுப் பாருங்கள். எந்த அஞ்சலும் வந்திறங்கும் கணத்தில் பதில் எழுதப்படாததுதான். ஆகவே எல்லா அஞ்சல்களும் பட்டியலில் சேர்ந்துவிடும்! கேட்டவர் மனதில் நினைத்தது ‘இரண்டு வாரமாகியும் பதில் வராதவை’ என்பதாக இருந்திருக்கலாம். அவர் அதைச் சொல்லவில்லை. தொடர் வினவலின் தலைவலி முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஒருமுறை கேட்கும் கேள்வியில் சொல்லாமல் விட்டால் ஒன்றும் கெடாத பல விஷயங்கள், நின்று வாழும் கேள்வியில் சொல்லியே ஆக வேண்டியவை ஆகிவிடுகின்றன. சொல்லாதபோது யாரோ ஒருவர் நமக்காக முடிவு செய்கிறார்.

டேபெஸ்ட்ரிக்கு ஒரு வசதி இருந்தது. அஞ்சல் பெட்டியில் தரவு சேரும், மாறாது. பிறகு இந்த எண்ணம் கேச் எனப்படும் விரைவு நினைவகங்களுக்குள் வந்தது. அங்கே தரவு நொடிக்கு ஆயிரம் தரம் மாறும், அழியும், காலாவதியாகும். வட்டில் இருக்கும் தரவுத்தளத்தைத் தொட நேரமாகும் என்பதால், அடிக்கடி வேண்டியதைப் பல கணினிகளின் நினைவகத்தில் பரப்பி வைத்திருக்கும் ஏற்பாடு இது. 2014 இல் இந்திய ரயில் டிக்கெட்டுகளை விற்கும் ஐஆர்சிடிசி தன் புதிய இணையப் பதிவு முறையைக் கொண்டுவந்தபோது அதற்குள் ஜெம்ஃபயர் என்ற இத்தகைய அமைப்பு இருந்தது. நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த எல்லை 7,200 ஆனது. ஜெம்ஃபயரின் திறந்த மூல வடிவம் அப்பாச்சி ஜியோட். அதே குடும்பத்தில் 2007 இல் ஆரக்கிள் வாங்கிய டாங்கோசால் நிறுவனத்தின் கோஹிரன்ஸ், அப்பாச்சி இக்னைட், ஹேசல்காஸ்ட் ஆகியவையும் உண்டு. நான்கிலும் தொடர் வினவல் இருக்கிறது. நான்கிலும் நிரலாளர் எதையும் குறிப்பிடாவிட்டால் நடப்பது வேறு வேறு.

அந்த ‘எதையும் குறிப்பிடாவிட்டால்’ என்பதுதான் டீஃபால்ட். இதை அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள், பிரிஜிட் மாட்ரியனும் டென்னிஸ் ஷீயும் 2001 இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். ஓர் அமெரிக்க நிறுவனம் தன் புதிய ஊழியர்களை ஓய்வூதியச் சேமிப்புத் திட்டத்தில் தானாகவே சேர்த்தது. வேண்டாம் என்பவர் விலகலாம். சேர்ந்தவர்கள் எண்ணிக்கை பெருமளவு உயர்ந்தது. அதுவரை நல்ல செய்தி. ஆனால் நிறுவனம் வைத்திருந்த 3 சதவீதப் பிடித்தத்திலும், வளர்ச்சி குறைந்த பணச்சந்தை நிதியிலும் பெரும்பாலோர் அப்படியே தங்கிவிட்டார்கள். தாங்களாகச் சேர்ந்திருந்தால் கூடுதலாகச் சேமித்திருக்கக்கூடியவர்களும் அவர்களில் உண்டு. தம் சொந்தப் பணத்திலேயே மனிதர் இப்படி என்றால், வெள்ளிக்கிழமை மாலைக்குள் வேலையை முடிக்க வேண்டிய நிரலாளர் கையேட்டின் நாற்பதாவது பக்கத்தில் இருக்கும் அமைப்பை மாற்றுவார் என்று எதிர்பார்ப்பது பேராசை.

கேச் உலகிலேயே இதற்கு உரத்த உதாரணம் உண்டு. 2003 இல் லைவ்ஜர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதிய மெம்கேஷ்ட், யாரும் தடுக்காவிட்டால் யுடிபி என்ற நெட்வொர்க் முறையிலும் செய்திகளைக் கேட்கும்படி பல ஆண்டுகள் இருந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் சொற்பம், அணைத்தவர்கள் அதைவிடச் சொற்பம். 2018 பிப்ரவரி 28 அன்று தாக்குதல்காரர்கள் இணையத்தில் திறந்து கிடந்த மெம்கேஷ்ட் சர்வர்களுக்குச் சின்னஞ்சிறு போலிக் கோரிக்கைகளை அனுப்பி, ஐம்பதாயிரம் மடங்கு வரை பெருத்த பதில்களை கிட்ஹப் தளத்தின் மேல் கொட்ட வைத்தார்கள். உச்சத்தில் நொடிக்கு 1.35 டெராபிட். அந்த வாரமே வந்த 1.5.6 பதிப்பில் யுடிபி இயல்பாகவே அணைக்கப்பட்டது. மாறியது ஒரே ஓர் அமைப்பு.

தொடர் வினவலில் இவ்வளவு நாடகம் நடக்காது. அங்கே நடப்பது மெல்லிய தவறு. அதனால்தான் அது மோசம்.

முதல் முடிவு, ஆரம்ப நிலை பற்றியது. கேள்வியைப் பதியும் நேரத்தில் ஏற்கெனவே கேச்சில் இருக்கும் தரவைக் கொடுப்பதா, இனிமேல் மாறுவதை மட்டும் சொல்வதா? பாதி ஆட்டத்தில் வானொலியைத் திருப்பியவருக்கு ‘நான்கு ரன்!’ என்று மட்டும் கேட்டு, மொத்த ஸ்கோர் எவ்வளவு என்று தெரியாமல் இருக்கும் நிலை இரண்டாவது. இக்னைட்டில் ஆரம்ப வினவலைத் தனியாக வைத்தால்தான் உண்டு. வைக்காவிட்டால் இனி வருபவை மட்டும். ஹேசல்காஸ்ட்டில் நேர் எதிர்: முதலில் நிரப்பிவிட்டுத்தான் தொடங்கும், வேண்டாம் என்றால் சொல்ல வேண்டும். ஜியோட் ஒரு தந்திரம் செய்தது. வினவலை ஓட்ட இரண்டு தனித்தனிக் கட்டளைகளை வைத்து, ஒன்றின் பெயரிலேயே ‘ஆரம்ப முடிவுகளோடு’ என்று எழுதிவிட்டது. டீஃபால்ட்டே இல்லை, எழுதுபவர் ஏதோ ஒரு பெயரைத் தட்டியே ஆக வேண்டும், தட்டும்போது யோசிக்கவும் நேரும். மூன்றில் இதுவே எனக்குப் பிடித்தது. ஆனால் எல்லா அமைப்பையும் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு வரி நிரல்கூட ஓடாது. இந்த உத்தியைச் செலவழிக்க ஓரிரு இடங்கள்தான் உண்டு.

ஆரம்ப நிலையைக் கொடுப்பது என்று முடிவு செய்த பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. முதலில் பட்டியலை எடுத்துவிட்டுப் பிறகு மாற்றங்களுக்குப் பதிவு செய்தால், இரண்டுக்கும் நடுவில் நடந்த மாற்றம் யாருக்கும் தெரியாமல் போகும். முதலில் பதிவு செய்துவிட்டுப் பட்டியலை எடுத்தால் அதே மாற்றம் இரண்டு முறை வரலாம், அல்லது பட்டியல் வந்து சேர்வதற்கு முன்பே ‘அந்த ஆர்டர் நீங்கியது’ என்ற செய்தி வந்து நிற்கலாம். இல்லாத ஆர்டரை எப்படி நீக்குவது? கோஹிரன்ஸ் இரண்டையும் இணைக்கும் தையலைத் தானே போட்டு, நிலையான ஒரு காட்சியைக் கையில் கொடுக்கிறது. ஜியோட்டின் ஆவணம், ஆரம்ப முடிவுகள் வருவதற்கு முன்பே நிகழ்வுகள் வரலாம், நிரல் அதைக் கையாள வேண்டும் என்று எச்சரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஆயிரம் நிரலாளர்கள் தனித்தனியாகப் போடும் தையலில் எத்தனை சரியாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இந்த இடைவெளி மில்லி நொடிகளில் அடங்குவது. சோதனையில் ஒருபோதும் அகப்படாது. சந்தை கொதிக்கும் நாளில்தான் அகப்படும்.

அடுத்தது, பதிலிலிருந்து வெளியேறுபவை. நம் வணிகரின் கேள்வியில் நிபந்தனை, ஆர்டரின் நிலை ‘திறந்தது’ என்றிருக்க வேண்டும் என்பது. ஆர்டர் நிறைவேறும்போது கேச்சிலிருந்து அது அழிவதில்லை. நிலை மட்டும் ‘முடிந்தது’ என்று மாறுகிறது. கேச்சின் பார்வையில் இது ஒரு சாதாரணத் திருத்தம். கேள்வியின் பார்வையில் இது ஒரு நீக்கம். இந்த இரண்டு பார்வையையும் பிரித்துச் சொல்லாத அமைப்பில் என்ன ஆகும்? வடிகட்டி புதிய மதிப்பைப் பார்க்கிறது, ‘முடிந்தது’, நமக்குச் சம்பந்தமில்லை என்று செய்தியைத் தடுத்துவிடுகிறது. வணிகரின் திரையில் அந்த ஆர்டர் திறந்த நிலையிலேயே நிற்கிறது, மாலை வரை. இக்னைட்டில் வடிகட்டியை நிரலாளரே எழுதுகிறார். பழைய மதிப்பையும் பார்க்கும்படி எழுதாவிட்டால் இந்தக் குழியில்தான் விழுவார். ஜியோட் ஒவ்வொரு நிகழ்விலும் இரண்டு விவரம் வைத்திருக்கிறது, கேச்சில் என்ன நடந்தது என்பது ஒன்று, கேள்விக்கு என்ன நடந்தது என்பது மற்றொன்று. கோஹிரன்ஸ் திருத்தத்தையே மூன்றாகப் பிரிக்கிறது: உள்ளே வந்த திருத்தம், வெளியே போன திருத்தம், உள்ளேயே இருந்த திருத்தம். வெளியேறுவதைச் சொல்லாத தொடர் வினவல் பாதி வினவல்தான். இதை விருப்பத் தேர்வாக வைப்பதே தவறு என்பேன். அணைக்க முடியாதபடி உள்ளேயே வைத்துத் தைக்க வேண்டும்.

நினைவகத்தின் கதை வேறு. பதிலில் வரும் ஒவ்வொன்றின் முழு மதிப்பையும் கேட்பவர் பக்கத்தில் வைத்துக்கொள்வதா, அதை அடையாளம் காட்டும் சாவியை மட்டும் வைத்துக்கொண்டு தேவைப்படும்போது சர்வரிடம் கேட்பதா? முழு மதிப்பு இருந்தால் வாசிப்பு உடனடி, ஆனால் இடம் தின்னும். சாவி மட்டும் என்றால் இடம் மிச்சம், ஒவ்வொரு வாசிப்புக்கும் நெட்வொர்க் பயணம். கோஹிரன்ஸும் ஹேசல்காஸ்ட்டும் மதிப்போடு வைத்துக்கொள்வதையே இயல்பாகக் கொண்டிருக்கின்றன. சிறிய பதில்களுக்கு அதுவே சரி. லட்சக்கணக்கில் விரியும் பதிலுக்கு நினைவகம் நிரம்பி நிரல் விழும். விழட்டும், விழுவது கண்ணுக்குத் தெரியும், காரணமும் அன்றே தெரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று கோஹிரன்ஸில் உண்டு. நீங்கள் சாவி மட்டும் போதும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தாலும், மாற்றங்களைக் கேட்க முழு வகை லிசனர் ஒன்றைப் பதிந்தால், மதிப்புகளையும் சேர்த்து வைக்கும் முறைக்கு அது தானாக மாறிவிடும். காரணம் நியாயமானது: பழைய மதிப்பும் புதிய மதிப்பும் சேர்ந்த நிகழ்வைத் தர வேண்டுமென்றால் பழையது எங்காவது இருந்தாக வேண்டும். ஆவணத்திலும் எழுதியிருக்கிறார்கள். என்றாலும், ஒருவர் வாயால் சொன்ன விருப்பத்தை வேறொரு செயலின் பக்கவிளைவாகத் திருப்பிப்போடுவது எனக்கு உறுத்துகிறது. ‘நீங்கள் கேட்ட இரண்டும் ஒன்றோடொன்று ஒவ்வாது’ என்று பிழை காட்டி நிறுத்தியிருக்கலாம். ஒருவேளை எழுதியவர்கள், அப்படி நிறுத்தினால் தொலைபேசி ஓயாது என்று கருதியிருப்பார்கள்.

இப்போது இந்தக் கதையின் கடினமான இடத்துக்கு வருகிறோம்: கேட்பவர் மெதுவானவர் என்றால்?

சர்வர் நொடிக்குப் பத்தாயிரம் மாற்றங்களை அனுப்புகிறது, கேட்பவரால் ஆயிரத்தைத்தான் கையாள முடிகிறது. மீதி எங்கே போகும்? வழிகள் மூன்றே. சர்வர் சேர்த்துவைக்கலாம், சர்வர் காத்திருக்கலாம், அல்லது செய்தியைக் கீழே போடலாம். சேர்த்துவைத்தால் ஒரு மெதுவான ஆளுக்காகச் சர்வரின் நினைவகம் வீங்கி எல்லோரும் விழுவார்கள். காத்திருந்தால் ஒருவருக்காக எல்லோரும் மெதுவாவார்கள். கீழே போட்டால் அந்த ஒருவரின் பதில் தவறாகும். மூன்றும் கெட்ட வழிகள்தான். எந்தக் கெட்டதை இயல்பாக வைப்பது என்பதில்தான் வடிவமைப்பவரின் குணம் தெரியும்.

தரவை நினைவகத்திலேயே வைத்திருக்கும் ரெடிஸ் என்ற மற்றோர் அமைப்பு எடுத்த முடிவைப் பாருங்கள். அதன் வெளியீடு-சந்தா முறையில், ஒரு சந்தாதாரருக்காகச் சேர்ந்த செய்திகள் 32 மெகாபைட்டைத் தொட்டால், அல்லது 8 மெகாபைட்டுக்கு மேல் 60 நொடி நீடித்தால், சர்வர் அவருடைய இணைப்பையே அறுத்துவிடும். முரட்டுத்தனம்தான். ஆனால் அறுபட்டவருக்கு அறுபட்டது தெரியும். மறுபடி இணைந்து, முழுப் பட்டியலையும் புதிதாக எடுத்து, சரியான நிலைக்கு வரலாம். ஹேசல்காஸ்ட்டின் வினவல் கேச்சில், ஒவ்வொரு தரவுப் பிரிவுக்கும் இயல்பாக 16 நிகழ்வுகள் கொள்ளும் பஃபர் இருக்கிறது. நிகழ்வுகளுக்கு வரிசை எண் உண்டு. 41க்கு அடுத்து 43 வந்தால் 42 தொலைந்தது என்று அமைப்புக்குத் தெரியும். மீட்க முயலும் வழியும் வைத்திருக்கிறார்கள். இவ்வளவும் நல்ல பொறியியல். ஆனால் நிகழ்வு தொலைந்ததை நிரல் அறிய வேண்டுமானால், நிரலாளர் அதற்கென்று தனியாக ஒரு லிசனரைப் பதிந்துவைக்க வேண்டும். பதியாதவரின் நிரல், ஓர் ஆர்டர் குறைந்த பட்டியலோடு புன்னகை மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டில் ரெடிஸின் பக்கமே நிற்கிறேன். கையேடு படிக்காதவருக்கு வைக்கும் டீஃபால்ட்டில் வேகம் குறையலாம், நினைவகம் கூடலாம், இணைப்புகூட அறுபடலாம். தவறான பதில் சரியான பதிலின் முகத்தோடு வரக் கூடாது. வேகம் வேண்டுபவர் கையேட்டைத் தேடி வருவார். அவருக்கு வலிக்கிறது, எங்கே வலிக்கிறது என்றும் தெரியும். தவறான பதிலைப் பெற்றவருக்கோ வலியே இல்லை. அவர் எதைத் தேடி வருவார்?

இதற்கு எதிர்வாதம் இருக்கிறது, அது பலவீனமானதும் அல்ல. வெப்பமானி ஒன்று நொடிக்கு நூறு அளவுகளை அனுப்புகிறது என்றால் நடுவில் பத்துத் தொலைந்தால் யாருக்கும் நட்டமில்லை. அடுத்த அளவு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும். அத்தகையவருக்காக இணைப்பை அறுப்பது அபத்தம். உண்மை. ஆனால் தனக்கு இழப்பு பரவாயில்லை என்பது அந்த நிரலாளருக்குத் தெரியும். தெரிந்தவர் ஒரு வரி எழுதி மாற்றிக்கொள்ளட்டும். ஆர்டர் பட்டியல் எழுதுபவருக்கு இழப்பு என்று ஒன்று நேரக்கூடும் என்பதே தெரியாமல் இருக்கலாம்.

தொகுத்து அனுப்புவதா, ஒவ்வொன்றாகவா என்பதில் இக்னைட்டும் ஹேசல்காஸ்ட்டும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன: தொகுதியின் அளவு 1, தாமதம் 0. நெட்வொர்க்குக்குச் செலவு அதிகம், யாருக்கும் ஆச்சரியம் இல்லை. காலாவதி கொஞ்சம் சிக்கல். நேரம் முடிந்து கேச்சிலிருந்து போன பதிவுகளை இக்னைட் இயல்பாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்லும். ரெடிஸில் சாவி நிகழ்வுகளை அறிவிக்கும் வசதியே சிபியு செலவைக் கருதி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை எழுப்பினாலும், காலாவதி அறிவிப்பு ஆயுள் முடிந்த நொடியில் வராது. சர்வர் அந்தச் சாவியை உண்மையில் அழிக்கும்போதுதான் வரும், அது சற்றுப் பின்னால் நடக்கலாம். கேட்பவர் போய்விட்டால் கேள்வியை என்ன செய்வது என்பதிலும் பொதுவான ஒப்புதல் தெரிகிறது. இக்னைட்டில் கேட்ட கணினி விலகினால் கேள்வியும் தானாக நீங்கும். ஜியோட்டில் சொல்லாமல் விட்டால் கேள்வி நிலைத்திருக்காது. நிலைத்திருக்கும் வாடிக்கையாளர் என்று அறிவித்து, அந்தக் கேள்வியையும் அப்படிக் குறித்து வைத்தால், இணைப்பு போன பின் 300 நொடி வரை சர்வர் செய்திகளைச் சேர்த்து வைத்திருக்கும். யாரும் வரப்போவதில்லை என்று தெரியாமல் ஆயிரக்கணக்கான அநாதைக் கேள்விகளுக்குப் பதில் சேர்த்துக்கொண்டிருக்கும் சர்வரைவிட இது எவ்வளவோ மேல்.

இத்தனையும் சொன்ன பிறகு, ‘தவறாக வைத்த டீஃபால்ட்டை அடுத்த பதிப்பில் மாற்றிவிட்டால் போயிற்று’ என்று தோன்றலாம். மாற்றுவது அவ்வளவு சுலபமல்ல. இக்னைட் நாளையிலிருந்து ஆரம்ப நிலையைத் தானாகத் தரத் தொடங்கினால், இனி வருபவை மட்டும் வரும் என்று நம்பி எழுதிய நிரல்களெல்லாம் பழைய ஆர்டர்களைப் புதியவை என்று எண்ணிக்கொள்ளும். யாரும் தேர்ந்தெடுக்காத அமைப்பின் மேல்தான் அதிகம் பேர் வீடு கட்டியிருக்கிறார்கள்.

மாங்கோடிபி என்ற தரவுத்தளம் இதே சங்கடத்தைச் சந்தித்தது. அதன் இணைப்பு நூலகங்கள் ஆரம்ப ஆண்டுகளில், எழுதியது சர்வரில் ஏற்கப்பட்டதா என்ற ஒப்புதலுக்குக் காத்திராமல் அடுத்த வேலைக்குப் போய்விடும். வேகம் அபாரம், எழுத்து தோற்றால் நிரலுக்குத் தெரியாது. திடீரென்று மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களெல்லாம் ஒரே இரவில் மெதுவாகும். 2012 நவம்பரில் அவர்கள் எல்லா மொழிகளுக்கும் ‘மாங்கோகிளையன்ட்’ என்ற புதிய பெயரில் ஒரு வகுப்பைக் கொண்டுவந்து, ஒப்புதலுக்குக் காத்திருப்பதை அதன் டீஃபால்ட் ஆக்கினார்கள். பழைய பெயரில் இருந்த வகுப்பைத் தொடவில்லை. புதிதாக எழுதுபவர்கள் புதிய பெயரையும் அதோடு சேர்ந்த புதிய நடத்தையையும் எடுத்துக்கொண்டார்கள். பழைய நிரல்கள், யாராவது அந்த ஒரு பெயரைத் திறந்து மாற்றும் வரை, ஒப்புதல் கேட்காமலே எழுதிக்கொண்டிருந்தன.